சண்டையைக் கேட்டுப் புத்தகம் தருபவள்

“கடைசியா யார்கூடச் சண்டை போட்டீங்க?” என்று கேட்டுவிட்டு, பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு, பதில் வரும்வரை எதிரில் நிற்பவரின் முகத்தையே பார்க்கிறாள்.

மருந்துக்கடைக்கு மேல்மாடி. இரண்டு அறை, பதினொரு இரும்பு அலமாரி, மூன்றாம் எண்ணில் வைத்தால் மட்டும் சுற்றும் மின்விசிறி. இந்த வாடகை நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். நல்ல புத்தகமாக ஒன்று சொல்லுங்கள் என்று வருகிறவர்களிடம், என்ன பிடிக்கும், யார் எழுதினால் பிடிக்கும் என்றெல்லாம் கேட்பதில்லை. “அதைக் கேட்டா எல்லாரும் பெருமைக்குப் பொய் சொல்வாங்க. சண்டையைக் கேட்டா உள்ளதைச் சொல்லிடுவாங்க” என்பாள். வாய் ஓயாமல் ஊர்ச் சண்டையைக் கேட்கிறாளே தவிர, யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. ஆனாலும் வாசகர்கள் வைத்த பெயர் சண்டைக்கார அக்கா.

மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வந்த வங்கி குமாஸ்தாவுக்கு, ஒருவன் ஆற்றங்கரையோரமாகவே தனியாக நடந்துபோன பயணக்கதையைக் கொடுத்தாள். மகளோடு பேச்சில்லாமல் இருந்த தையல்காரிக்குக் கிடைத்தது மலையேறியவர்களின் குறிப்பு. “எனக்கும் மலைக்கும் என்னக்கா சம்பந்தம்?” என்று அவள் விழித்தாள். “சண்டை போட்டவங்களுக்குச் சண்டைக்கதை எதுக்கு? மூச்சு விட இடம் வேணாமா?” மறுவாரமே இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டு வந்தாள் தையல்காரி.

எடுத்த புத்தகத்தை முதல் பக்கத்தில் பிரித்தால் இவளுக்குப் பொறுக்காது. “முதல் பக்கத்துல எல்லாரும் தலை சீவி, பவுடர் போட்டுக்கிட்டுத்தான் நிப்பாங்க. நாப்பதாம் பக்கத்துக்குப் போங்க. அங்கதான் வீட்ல இருக்கற மாதிரி இருப்பாங்க.” சொல்லிக்கொண்டே அவளே நாற்பதாம் பக்கத்தைப் பிரித்து நீட்டுவாள். நின்றபடியே அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டால் ஆள் தேறிவிட்டார் என்று பதிவேட்டை இழுப்பாள்.

இப்படி ஊருக்கெல்லாம் பொறுக்கிக் கொடுத்தவளுக்குச் சோதனை வீட்டிலிருந்தே வந்தது. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். முப்பது மாடிக் கட்டடத்திலெல்லாம் தொங்கி வேலை செய்தவர், பல்பு மாற்ற ஏறிய முக்காலியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் கட்டு. டிவி பார்த்தால் தலை வலிக்கிறது என்று, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை நூலகத்துக்கு போன் செய்து, “என்ன பண்றே?” என்றார்.

அவள் முதலில் எடுத்துப்போனது லிஃப்டுக்குள் நடக்கும் ஒரு மர்மக்கதை. மறுநாள் அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. “நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்ன லிஃப்டுலேருந்து ஒருத்தன் கதவைப் பிளந்துக்கிட்டு ஜம்முனு வெளியே குதிக்கறானாம். செத்திருப்பான்! இவன்லாம் லிஃப்டுல ஏறியிருக்கானா?” அடுத்து இயந்திரங்களின் வரலாறு. அதைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். நகைச்சுவைத் துணுக்குகளைப் படித்துவிட்டுச் சிடுசிடுத்தார். ஏழு புத்தகம் இப்படிப் போயிற்று. “ஊருக்கெல்லாம் அள்ளி விடறே. கட்டினவனுக்கு உருப்படியா ஒண்ணு தேறலையா?” என்றார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அவளுக்கு, சொந்த மனுஷனுக்கே பொருத்தம் பார்க்கத் தெரியாத நாம் இத்தனை வருடம் மற்றவர்களுக்கு எந்தத் தைரியத்தில் சொன்னோம் என்று வெட்கமாகிவிட்டது.

மறுநாள் வங்கி குமாஸ்தா வந்து நின்றபோது, “உங்களுக்குப் பிடிச்சதை நீங்களே எடுத்துக்கங்க” என்றாள். அவர் அலமாரிக்கும் இவளுக்குமாகப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு படியிறங்கிவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த தையல்காரிக்கு மனசு கேட்கவில்லை. துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள்.

“சரிக்கா, அவர்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டீங்களா?”

“எந்தக் கேள்வி?”

“சண்டைக் கேள்விதான்.”

“வீட்டு ஆளைப் போய் அதைக் கேப்பாங்களா?” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஏங்க, கடைசியா யார்கூடச் சண்டை போட்டீங்க?” என்றாள்.

“உன்கூடத்தான்.”

“நாம எப்பங்க சண்டை போட்டோம்?”

“நீ எங்க போட்டே? நான்தான் போட்டுக்கிட்டிருக்கேன், இருபது வருஷமா. ஏதாவது சொல்லலாம்னு வாயைத் திறந்தா, தலையைக்கூடத் தூக்காம கையைக் காட்டுவியே, ‘இருங்க, இந்தப் பக்கத்தை முடிச்சுடறேன்’னு. அந்தக் கையோடதான் சண்டை.”

அவளுக்குச் சுருக்கென்றது. பையிலிருந்து, தான் பாதி வரை படித்திருந்த நாவலை எடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளத்துக்குச் செருகியிருந்த ஹேர்பின்னை உருவித் தலையில் குத்திக்கொண்டு, அந்த இடத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள்.

“மிச்சத்தை நீங்க படிச்சு எனக்குச் சொல்லுங்க. நான் இனிமே இதைத் தொடமாட்டேன்.”

“முன்னாடி நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?”

“அதை நான் சொல்றேன்.”

சாப்பிடும்போது ஆரம்பித்தாள். வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்ணின் கதை. அவர் வரிக்கு வரி குறுக்கே பேசினார், அந்தப் பெண்ணின் புருஷன் செய்தது தப்பு என்று வாதாடினார், தன் வேலையிடத்துக் கதைகள் நாலைந்தை நடுவில் நுழைத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தட்டில் கை காய்ந்துவிட்டது.

அதன்பிறகு நூலகத்துக்கு போன் வருவது குறைந்தது. ஐந்தாம் நாள் வரவே இல்லை. வேலை முடிந்ததும் படிகளை இரண்டிரண்டாக இறங்கி வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏங்க, அந்தப் பொண்ணு திரும்பி வந்தாளா, இல்லையா?”

அவர் தலையைத் தூக்கவில்லை. வலது கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

வாயில் அடுத்த கேள்வியோடு அப்படியே நின்றாள். பிறகு பையைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். அடிமேல் அடி வைத்து ஜன்னலுக்குப் போய், அவர் படிக்கும் பக்கத்தில் வெளிச்சம் விழும்படி திரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.