சாஸ்தாவின் குதிரைக்குக் கொம்பு வைத்த கதை

ஒரு பங்குனி உத்திரத்தன்று எங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் குதிரைக்குக் கொம்பு முளைத்தது. வைத்தவன் நான். அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் அதுவரை அவ்வளவு தூரம் படித்தவர் யாருமில்லை என்பதால், எனக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

எல்லாம் ஒரு பென்சில் டப்பாவால் வந்தது. என்னோடு படித்த காயல்பட்டினத்துப் பையனுக்கு அவன் வாப்பா துபாயிலிருந்து அனுப்பியிருந்தார். மூடியில் ஒரு வெள்ளைக் குதிரை, நெற்றி நடுவே முறுக்கிய கொம்பு. "இது என்னலே, மாடா குதிரையா?" என்று வகுப்பே சிரித்தது. வரலாற்று வாத்தியார் சிரிக்கவில்லை. அந்தக் கொம்பு பட்டால் விஷத் தண்ணீரும் நல்ல தண்ணீராகும் என்று வெள்ளைக்காரர்கள் நம்பினார்கள் என்றார். சீனாவில் அப்படியொரு மிருகம் கண்ணில் பட்டால் நல்ல ராஜா பிறப்பானாம். சிந்துவெளி முத்திரையின் ஒற்றைக்கொம்பு எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. நெற்றியில் கொம்போடு பிறந்த முனிவர் கால் வைத்ததும் மழை கொட்டியதாக நம் புராணத்திலும் உண்டு. இத்தனை பேருக்கு இருக்க, எங்கள் சாஸ்தாவின் குதிரை மட்டும் வெறும் நெற்றியோடு நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உத்திரத்துக்கு எந்த ஊரில் பிழைக்கும் சொந்தக்காரர்களும் சாஸ்தா கோவிலுக்கு வந்துவிடுவார்கள். பெண்கள் பொங்கலுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த நேரம், குளத்துக் களிமண்ணைச் சாண் நீளத்துக்கு முறுக்கி, பீடத்தில் ஏறிக் குதிரையின் நெற்றியில் அப்பினேன். மேலே திருநீற்றைப் பூசியதும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

முதலில் பார்த்தது அத்தை.

"குதிரைக்கு எங்கனயாவது கொம்பு முளைக்குமா? என்ன குத்தமோ தெரியலையே."

"போன வருசம் கெடா வெட்டாம போனோம்லா, அதான்" என்றார் சித்தப்பா. "சாமி உத்தரவு கெடைக்காம யாரும் பானைய எறக்கப்பிடாது."

கொட்டுச் சத்தம் எழுந்தது. எங்கள் சாமியாடி பெரியப்பாதான். அருள் வந்தால் திருடனைக்கூடப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுப்பார் என்று பேர். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா அடிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். சாமியே பேரைச் சொல்லிவிட்டால் சொந்தத்துக்குள் யார் முகத்தில் விழிப்பது?

பெரியப்பா ஆடியபடியே குதிரையிடம் போனார். கொம்பைத் தடவினார். சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தவரின் கண் என்னிடம் நின்றது.

"குத்தம் ஒண்ணுமில்ல" என்று உறுமினார். "வேட்டைக்குப் போற குதிரைக்கு ஆயுதம் வேணும்லா. இருந்துட்டுப் போகட்டும். பானைய எறக்குங்க, சோறு அடிப்பிடிக்கி."

பெண்கள் குலவையிட்டார்கள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொம்புக்குத் தனியாக ஒரு சரம் பூ சுற்றினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூன்று முறை பொங்கல் வாங்கித் தின்றேன்.

சாயங்காலம் வேனில் திரும்பும்போது பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். வேட்டி மாற்றி, பீடி பற்றவைத்திருந்தார். என் காதருகே குனிந்து, "ஏலே, அடுத்த வருசம் றெக்கை கிறக்கைன்னு எதையும் ஒட்டிராத. எத்தன தடவைதான் சமாளிக்க?" என்றார்.

சாமி இன்னும் அவரை விட்டு மலையேறவில்லை என்று நினைத்து, அவரைப் பார்த்துப் பயபக்தியோடு கைகூப்பினேன். அவருக்குச் சிரிப்பில் பீடிப்புகை புரையேறியது. சாமி சிரித்தும் நான் பார்த்தது அன்றுதான்.