வெர்லின் பவுஸ்டியனின் முதுகு

எங்கள் ஐயோவா மாநிலத்து ஆட்களிடம் நலம் விசாரிப்பதைப் போல வீண்வேலை வேறு கிடையாது. கேள்வி எதுவானாலும் பதில் ஒன்றுதான்: "பரவாயில்ல." சோளம் அமோகமாக விளைந்தாலும் பரவாயில்லை, ஆலங்கட்டி மழையில் அடியோடு படுத்துவிட்டாலும் பரவாயில்லை. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது, ஞாயிற்றுக்கிழமை சட்டை போடாமல் தேவாலயத்துக்குள் நுழைவதைப் போன்ற அசிங்கம்.

இந்த ஊர்க்காரர்களிலேயே பெரிய பரவாயில்லைக்காரர் வெர்லின் பவுஸ்டியன். ஒரு வருடம் டிராக்டரைக் கிளப்பச் சுழற்றும் கைப்பிடி திருப்பி அடித்து அவர் மணிக்கட்டு முறிந்துபோனது. மனிதர் ஒற்றைக் கையால் மிச்ச மாடுகளையும் கறந்து முடித்து, கை கழுவி, சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். பன்றிக்கறியை வெட்டித் தரச் சொல்லி மனைவி லவோனைக் கேட்டபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. "கையில என்ன?" என்று அவள் அலற, "பரவாயில்ல, உருளைக்கிழங்கு இருக்கா?" என்றார்.

இப்படிப்பட்டவர் 1966ஆம் வருடம் மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை, பெர்த்தா என்ற பசுவின் பக்கத்தில் குந்தியவர், எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடந்தார். கறவை இயந்திரத்தின் வாளி நிரம்பிவிட்டது. பெர்த்தா திரும்பித் திரும்பிப் பார்த்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பசுவின் இடுப்பில் சாய்ந்துகொண்டு, அவர் நிமிர்வதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

வெர்லினுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கொட்டிலில் இருபத்தெட்டுப் பசுக்கள். ஒன்றைக்கூட அவர் சந்தையில் வாங்கியதில்லை. எல்லாம் அதே கொட்டிலில், அவர் கைபிடித்து இழுத்து வெளியே வந்த கன்றுகள். எந்தப் பசுவின் பாட்டி எது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். ஒரே மகள் கல்யாணமாகி நெப்ராஸ்காவில் இருந்தாள். காலை ஐந்துக்கும் மாலை ஐந்துக்கும் குந்தி எழ அந்த ஒரு முதுகை விட்டால் வேறு முதுகு அந்த வீட்டில் இல்லை. லவோனின் முழங்கால் எப்போதோ போயிருந்தது.

ஊர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் படுக்கையில் கிடக்கச் சொன்னார். அந்த இரண்டு வாரத்தைப் பற்றிப் பசுக்களிடம் யார் பேசுவது? வெர்லின் நான்காம் நாளே எழுந்து கொட்டிலுக்குப் போனார். அவர் கோணலாக நடந்துபோவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த லவோன், திரும்பி வந்ததும் நேரடியாகச் சொல்லிவிட்டாள்.

"ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன் வெர்லின். அதுக்குள்ள நீ நேரா நிமிர்ந்து நடக்கலன்னா, ஏலக்காரருக்கு நானே போன் பண்ணுவேன். இருபத்தெட்டும் போகட்டும். எனக்குப் புருஷன் வேணும்."

 அன்று வெர்லினுக்குக் காப்பி இறங்கவில்லை. ஏலக்காரன் கொட்டிலுக்குள் நின்று பெர்த்தாவுக்கு விலை கூவுவதை நினைத்தபோது, முதுகைவிட நெஞ்சுதான் அதிகம் வலித்தது.

கடைசி வழியாக முதுகு டாக்டரம்மாவிடம் போக ஒப்புக்கொண்டார். அல்மா ரோவர் என்பது அந்த அம்மாளின் பெயர். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் வைத்தியத்தை டேவன்போர்ட்டில் படித்துவிட்டுப் பதினெட்டு வருடமாக எங்கள் ஊரில் தொழில் செய்துவந்தாள். எங்கள் பக்கத்தில்தான் அந்த வைத்தியமே பிறந்தது. அதனாலேயே எங்களில் பாதிப் பேர் அதைக் கும்பிட்டோம், மீதிப் பேர் கேலி செய்தோம். லவோனின் தம்பி ஹார்லன் கேலிக் கட்சி.

தீவனக் கடையில் நாலு பேர் முன்னால் அவன் பிடித்துக்கொண்டான். "மச்சான், அந்த எலும்பு நொறுக்கிகிட்டயா போற? ரெண்டா ஒடிச்சு, அழகா மடிச்சு, காகிதப் பையில போட்டுக் குடுப்பா. எங்க அக்கா கையில வாங்கிட்டு வரணும்."

"பரவாயில்ல, உங்க அக்கா வீட்டுல பை நிறைய இருக்கு" என்றார் வெர்லின்.

சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். டாக்டரம்மாவின் வீட்டு முன்னறைதான் வைத்தியசாலை. நடுவில் நீளமான மெத்தை வைத்த மேசை. குப்புறப் படுத்தால் முகம் பதிய ஒரு பிளவு. அம்மாள் ஐந்தடிகூட இல்லை. இந்தக் குருவியா என் முதுகைத் திருப்பப் போகிறது என்று வெர்லினுக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது.

அவள் எடுத்த எடுப்பில் கை வைக்கவில்லை. அரை மணி நேரம் கேள்விதான். எப்போது தொடங்கியது, இருமினால் வலிக்கிறதா, காலுக்கு இறங்குகிறதா, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வருகிறது. எல்லாவற்றுக்கும் வெர்லின் பரவாயில்லை என்றார். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"வெர்லின், உங்க மாட்டு வைத்தியருக்கு என்னைவிட யோகம். அவர்கிட்ட மாடு பொய் சொல்லாது."

பிறகு நடக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள், முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினாள். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தாள். கடைசியில் குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பின் மேல் இரண்டு விரல்களை மேலிருந்து கீழே மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தாள். அழுத்தம் என்று சொல்வதற்கே இல்லை.

"முப்பது வருஷமா மாட்டுக்கு வலது பக்கமாவே குந்தி எந்திரிக்கிறீங்க. நிறைஞ்ச வாளிய வலது கையிலயே தூக்குறீங்க. சின்ன வயசுல எங்கேயோ உயரத்துலேர்ந்து விழுந்திருக்கீங்க, இந்த எடத்துல."

வெர்லின் மூச்சுவிட மறந்துபோனார். பதினோரு வயதில் வைக்கோல் பரணிலிருந்து விழுந்தது அவருக்கும் செத்துப்போன அவர் அண்ணனுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. அப்பாவிடம் அடி விழும் என்று மறைத்தது. லவோனுக்குக்கூடச் சொன்னதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் செய்தித்தாள் வாசிப்பதைப் போல அந்த அம்மாள் அவர் முதுகை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று மெத்தைக்குள்ளிருந்து கேட்டார்.

"படிக்கறப்ப எங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. தலைமுடி ஒண்ணைப் பிடுங்கி மேசையில வெச்சு, மேல டெலிபோன் புஸ்தகத்துத் தாள் ஒண்ணைப் போடுவோம். கண்ணை மூடிக்கிட்டு முடி எங்க இருக்குன்னு விரலால தேடணும். கிடைச்சா இன்னொரு தாள். அப்புறம் இன்னொண்ணு. நான் பதினேழு தாள் வரைக்கும் போனேன்."

அதன் பிறகு நடக்கப் போவதையெல்லாம் முன்கூட்டியே சொன்னாள். படீர் என்று சத்தம் வரும், அது எலும்பு முறிகிற சத்தமில்லை, மூட்டுக்குள் இருக்கும் காற்று. நாளைக்கு உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும், ஐஸ் வைக்க வேண்டும். ஒரே நாளில் அற்புதம் நடக்காது. வாரம் இரண்டு தடவை வரவேண்டும். தினமும் நடக்க வேண்டும், மூட்டை தூக்கக் கூடாது. "ஆறு தடவைக்குள்ள முன்னேற்றம் இல்லேன்னா, இது என் கைக்கு அடங்காத வலின்னு அர்த்தம். நானே வேற டாக்டர்கிட்ட அனுப்புவேன். சம்மதமா?"

சம்மதித்தார். பக்கவாட்டில் படுக்கவைத்து, அவர் முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விடச் சொல்லி, விட்டு முடித்த அந்த நொடியில் குருவி தன் முழு எடையையும் இறக்கியது. கொட்டில் கதவின் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் அவர் இடுப்புக்குள் கேட்டது. வலியே இல்லை. எழுந்து நின்றார். மூன்று வாரமாக லவோன் கட்டிவிட்ட பூட்ஸ் கயிற்றை அவரே குனிந்து கட்டினார். கட்டியவர், அவிழ்த்து இன்னொரு தடவை கட்டினார்.

மறுநாள் அவள் சொன்னபடியே உடம்பெல்லாம் வலித்தது. அதற்கு மறுநாள் குறைந்தது. மூன்றாவது தடவை போய்வந்தபோது கொட்டிலில் சீட்டியடித்துக்கொண்டே கறந்தார். ஏலக்காரர் பேச்சை லவோன் எடுக்கவே இல்லை. ஹார்லன் மட்டும், "என்ன மச்சான், மந்திரிச்சு விட்டாளா?" என்று கேட்டுப் பார்த்தான்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்களுக்கே உரிய தப்பை வெர்லின் செய்தார். ஏப்ரலில் ஓட்ஸ் விதைப்பு. விதை மூட்டைகளை இறக்க வேண்டும். வலி இல்லாத முதுகைச் சும்மா வைத்திருப்பது பாவம் என்று நினைக்கிற ஜாதி நாங்கள். ஒரே மதியத்தில் நாற்பது மூட்டை இறக்கினார். முப்பத்தெட்டாவது மூட்டையில் இடது தொடைக்குள் ஏதோ சுரீர் என்றது. மிச்ச இரண்டையும் இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மறுநாள் இடது பாதம் தரையில் இழுபட்டது. அதற்கு அடுத்த நாள் காலை டிராக்டரில் ஏறி உட்கார்ந்தபோது, இருக்கை படுகிற இடம் முழுக்க மரத்துக் கிடந்தது. சிறுநீர் கழிக்கப் போனால், எவ்வளவு நேரம் நின்றும் வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் எந்த மனிதன் சொல்வான்? இன்றைக்குத்தான் ஐந்தாவது தடவை, அம்மாள் ஒரு அழுத்து அழுத்தினால் தீர்ந்தது, ஐந்து மணிக் கறவைக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார். லவோன் கடைக்குப் போக வேண்டும் என்று கூடவே வந்தாள்.

"எப்படி இருக்கீங்க வெர்லின்?"

"பரவாயில்ல."

குப்புறப் படுத்தார். விரல்கள் கழுத்திலிருந்து இறங்கின. வழக்கமான இடங்களில் வழக்கம்போல நின்று நகர்ந்தன. இடுப்புக்கு வந்ததும் நின்றன. அவர் மூச்சை வெளியே விட்டுக் காத்திருந்தார். எதுவும் நடக்கவில்லை. இரண்டு கைகளும் அவர் மேலிருந்து முழுசாக விலகிப்போனதை உணர்ந்தார். 

"எழுந்து உக்காருங்க. இடது கால் கட்டைவிரலை மேல தூக்குங்க."

தூக்கினார். விரல் அசையவில்லை. தன் காலையே அந்நியன் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"உக்கார்ற எடம் மரத்திருக்கா?"

"அது... பரவாயில்ல. நீங்க ஒரு அழுத்து அழுத்துங்க டாக்டரம்மா, எனக்குக் கறவைக்கு நேரமாச்சு."

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

வெர்லின் சுவரைப் பார்த்தார். பரவாயில்லை என்ற வார்த்தைகூட வரவில்லை. அவளுக்கு அது போதும்.

"லவோன், உள்ள வாங்க!" என்று கூப்பிட்டாள்.  "இவரை இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வீட்டுக்குப் போய்ட்டுப் போறதுங்கற பேச்சே வேண்டாம். முதுகுக்குள்ள நரம்புக் கத்தை நசுங்குது. இது கத்தி வெக்கற டாக்டர் பாக்க வேண்டியது. என் கை இன்னிக்கு இவர் மேல படக் கூடாது."

"மாடு?" என்றார் வெர்லின்.

"உன் மாட்டுல இடி விழ!" என்றாள் லவோன். இருபத்தைந்து வருடத்தில் அவள் திட்டி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் அல்மா சோதித்து எழுதிக் கொடுத்தனுப்பிய கடிதத்தைப் பிரித்து, தலைப்பிலிருந்த கைரோபிராக்டர் என்ற வார்த்தையைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். பிறகு குண்டூசியை எடுத்து, கடிதத்தில் எழுதியிருந்த இடங்களில் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். எங்கே உணர்வில்லை என்று அவள் எழுதியிருந்தாளோ, அங்கே இல்லை. சுழித்த உதடு நேரானது. ஓடிப்போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். அன்றே அறுவை. முதுகெலும்புகளுக்கு இடையிலிருந்து விலகிய வட்டு நரம்புக் கத்தையை அமுக்கிக்கொண்டிருந்ததாம். இன்னும் ஒருநாள் போயிருந்தால் ஆயுசுக்கும் சிறுநீருக்கு ரப்பர் குழாயும் நடக்கச் சக்கர நாற்காலியும்தான் என்று பெரிய டாக்டர் லவோனிடம் சொன்னார்.

அன்று மாலை ஐந்து மணிக்குப் பெர்த்தாவின் பக்கத்தில் குந்தியிருந்தவன் ஹார்லன். மறுநாள் தீவனக் கடைக்காரரே கொட்டில் கதவில் ஒரு தாளை ஒட்டினார்; எந்தக் காலை யார், எந்த மாலை யார். ஏழு வாரம் ஒரு வேளையும் தப்பவில்லை. யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவுமில்லை. அதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான்.

வெர்லின் பத்துப் பசுக்களை ஹார்லனுக்குக் கொடுத்துவிட்டுப் பதினெட்டை வைத்துக்கொண்டார். பெர்த்தா போகவில்லை. ஏலக்காரன் வரவே இல்லை. இடது கால் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்தது.

ஜூன் மாதம் பெரிய டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டில் லவோன் செய்த இனிப்புத் தட்டோடு அல்மாவின் முன்னறைக்குப் போனார். இரண்டு மாதமாக மனதில் கிடந்த கேள்வியை முதலில் கேட்டார்.

"டாக்டரம்மா, அன்னிக்கு உங்க கை எப்படி நின்னுது? பதினேழு தாளுக்குக் கீழ முடி தெரிஞ்ச மாதிரி அதுவும் தெரிஞ்சுதா?"

"கை எங்கே! உங்க பூட்ஸ். இடது பூட்ஸ் நுனி மட்டும் புதுசா உராஞ்சிருந்துது. நீங்க உள்ள நடந்து வர்றப்பவே பாத்துட்டேன். படுக்கவெச்சது உங்க வாயிலேர்ந்து வருமான்னுதான். வரல." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீங்க போனதுக்கப்புறம் அன்னிக்கு வேற யார் மேலயும் நான் கை வைக்கல வெர்லின். நான் மட்டும் பூட்ஸைப் பாக்காம இருந்திருந்தா..."

வெர்லின் அந்தச் சின்னக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி இறங்கியிருந்தால் தன்னை முடித்திருக்கக்கூடிய கைகள். தன் ஒரு வார்த்தையை நம்பியிருந்தால் இறங்கியிருக்கும்.

அவள் காகிதத்தை எடுத்தாள், பென்சிலை எடுத்தாள். "சரி. இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

வார்த்தை பழக்க தோஷத்தில் உதடுவரை வந்துவிட்டது. வெர்லின் வாயை மூடி அதை விழுங்கினார். காது சிவந்துபோனது. தொப்பியை மடியில் வைத்துக் கசக்கினார்.

"வலிக்குது டாக்டரம்மா" என்றார். "ரொம்ப வலிக்குது. இங்க. அப்புறம் இங்கயும்."