அக்கா பண்ணையின் தண்ணீர்க் கோடு

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சுருக்கமாகச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப் பண்ணைகளில் சின்னச் சின்னக் கருவிகளைப் பொருத்தித் தரும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். கோழிகள் அடைந்திருக்கும் கொட்டகையான செட்டுக்குள் எவ்வளவு சூடு, கோழிகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்பதை அந்தக் கருவிகள் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். எங்கேயோ இருக்கும் கிளவுட் சர்வரில் அவையெல்லாம் சேர்ந்து, என் திரையில் கோடுகளாக ஏறி இறங்கும். கோடு தப்பாகப் போனால் பண்ணைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடியே இதைச் செய்கிறேன். கேட்பவர்களிடம் என் மாமியார், "கோழிக்குக் காய்ச்சல் பாக்கற வேலைங்க" என்று சொல்லிவைத்திருக்கிறார். நானும் அதைத் திருத்தியதில்லை.

எங்கள் குழுவில் எல்லோரும் பார்ப்பது ஒரே டேஷ்போர்டைத்தான். திறந்தவுடன் எல்லாப் பண்ணைகளும் கலந்து தெரியும். ஒரு பண்ணையை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் மேலே ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம். தாலுகா வாரியாக, செட் வாரியாகப் பிரித்தும் பார்க்கலாம். சேமிக்காதவரை அதெல்லாம் தற்காலிகம்தான். என் திரையில் மட்டும் மாறும், மற்றவர்களுக்குப் பழையபடியே இருக்கும். பக்கத்தை மூடினால் போட்ட சுவடே இருக்காது. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருவர் ராசிபுரம் பண்ணைகளுக்குப் போட்ட ஃபில்டரைத் தெரியாமல் சேமித்துவிட்டார். மறுநாள் காலையில் எல்லோர் திரையிலும் ராசிபுரம் மட்டும்தான் இருந்தது. பரமத்தி வேலூர்ப் பக்கத்துப் பண்ணைகளெல்லாம் எங்கே போயின என்று மேலாளர் பதறிப்போனார். "பாருங்க, பிரிங்க, என்ன வேணும்னாலும் பண்ணுங்க. சேவ் மட்டும் பண்ணாதீங்க" என்று அன்றைக்குச் சொன்னதுதான் அதன் பிறகு எங்களுக்குச் சட்டமானது.

அந்தப் பண்ணைகளில் ஒன்று என் அக்காவுடையது. மோகனூர்ப் பக்கம், மூன்று செட். மாமா தீவனம், முட்டை லாரி என்று வெளியே அலைவார். உள்வேலை முழுக்க அக்காதான். கருவிகளை மாட்டச் சொல்லி மாமாவைப் பிடித்து நெருக்கியதும் அவள்தான். தங்கச்சி வேலை செய்கிற இடம் என்பதைத் தவிர அவளுக்கு வேறு காரணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

நானும் அக்காவும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் உண்டாகியிருந்தோம். அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்துத் தங்கிய பிள்ளை அது. இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டதெல்லாம் வாந்தியும் கால் வீக்கமும்தான். ஏழாம் மாதத்தில் அவள் குழந்தை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. அந்தத் துக்கம் ஆறும் முன்பே எனக்கு மகள் பிறந்தாள்.

அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். குழந்தையைத் தூக்கவில்லை. நானும் தூக்கச் சொல்லவில்லை.

"நல்லாருக்கறா," என்றாள். பிறகு, "வாரேன் சாமி," என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. நான் கூப்பிட்டால் மாமாதான் எடுப்பார். "கோழிக்கிட்ட இருக்கறாம்மா, சொல்றேன்," என்பார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. அவள் பக்கத்திலேயே இருக்கிறாள் என்பது அவர் குரலிலேயே தெரிந்துவிடும்.

அம்மாவிடம் சொல்லி அழுதேன். "உன்ற மேல கோவமில்ல கண்ணு," என்றாள் அம்மா. "கொழந்த சத்தம் கேட்டா அவளுக்குத் தாங்கறதில்ல. அவளா வரட்டும். நீ நெருக்காத."

நான் நெருக்கவில்லை. ஆனால் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, டேஷ்போர்டைத் திறந்ததும் என் கை தானாக அக்காவின் பண்ணைப் பெயரை ஃபில்டரில் தட்டியது. மற்ற எல்லாக் கோடுகளும் மறைந்து அவளுடைய கோடுகள் மட்டும் நின்றன. இரவெல்லாம் குழாய்க்குள் தங்கியிருக்கும் தண்ணீரைக் காலையில் திறந்துவிட்டு அலசுவது அவள் வழக்கம். அதை வேலையாட்களிடம் விடமாட்டாள். அப்போது தண்ணீர்க் கோடு செங்குத்தாக மேலே ஏறி, சட்டென இறங்கும். எழுந்துவிட்டாள், தலையை அள்ளி முடிந்துகொண்டு செட்டுக்குள் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தினமும் வேலை தொடங்கும் முன் அந்த ஏற்றத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு ஃபில்டரை எடுத்துவிடுவேன். சில நாள் அது வெகு தாமதமாக வந்திருக்கும். உடம்புக்கு முடியவில்லையோ, அழுதுகொண்டு படுத்திருந்தாளோ என்று மனசு அடித்துக்கொள்ளும். சில நாள் வெளிச்சம் வரும் முன்பே வந்திருக்கும். அது தூங்காததாலா, தெம்பாக எழுந்ததாலா என்று கோட்டில் தெரியாது.

கத்திரி வெயில் காலத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கோழிக்கு வியர்க்காது. அந்தச் சூட்டில் தண்ணீர் நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு விழத் தொடங்கிவிடும். அப்படி ஒரு நாள் மதியம் பொது டேஷ்போர்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மகள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள், என்னவோ தோன்றி அக்காவின் பண்ணைக்கு ஃபில்டர் போட்டேன். மொத்தத் தண்ணீர் வழக்கமான அளவில்தான் இருந்தது. இவ்வளவு வெயிலில் வழக்கமான அளவு எப்படிப் போதும் என்று உறுத்தியது. செட் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன்.

முதல் செட்டும் மூன்றாவது செட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தன. இரண்டாவது செட்டின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அந்த இரண்டு செட்டும் கூடுதலாகக் குடித்ததில் இதன் குறை மொத்தக் கணக்கில் தெரியாமல் போயிருக்கிறது. எச்சரிக்கை மணி ஒரு பண்ணையின் மொத்தத் தண்ணீரைத்தான் பார்க்கும். அதனால் அது அடிக்கவே இல்லை.

மாமாவைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. அடுத்து அக்கா. என் போனில் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள் என்று அலுவலக எண்ணிலிருந்தே கூப்பிட்டேன்.

"யாருங்க?"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"அக்கா, நாந்தான். வெச்சுராத. ரெண்டாவது செட்ல தண்ணி போகல. ஓடிப் பாரு."

ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கதவு அடித்த சத்தம்.

"காலைல அந்தச் செட்டுக்கு மருந்துத் தண்ணி உட்டோம்," என்றாள். ஓடுவது அவள் மூச்சிரைப்பில் தெரிந்தது. "ஆளுங்க சோத்துக்குப் போயிட்டாங்க. எனக்குத் தலைவலின்னு படுத்துட்டேன்."

செட்டுக்குள் நுழைந்துவிட்டாள் என்பது கோழிகளின் இரைச்சலில் தெரிந்தது. "மருந்து உடறதுக்கு மூடுன மெயின் வால்வை, முடிஞ்சும் திறக்கவே இல்ல. அப்படியே மூடிக் கெடக்குது."

"திறந்து உடுக்கா."

"திறந்துட்டேன். உனக்குக் காட்டுதா?"

"இல்ல, கொஞ்சம் தாமதமாத்தான் காட்டும். இரு."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு மெல்ல அசைந்து மேலே ஏறியது.

"வருதுக்கா."

"குடிக்குதுங்க," என்றாள். "எல்லாம் ஒண்ணாக் குடிக்குதுங்க. கடைசி வரிசைல சிலது சுருண்டுருச்சு. மத்ததெல்லாம் தப்பிச்சுக்கும்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "படுத்துட்டேன் சாமி. கண்ணசந்துட்டேன்."

"அதனால என்னக்கா. முடியாதப்ப படுக்கத்தான் வேணும்."

அந்த நேரம் பார்த்து என் மகள் எழுந்துவிட்டாள். முதலில் முனகல், பிறகு வீறிட்டு அழுகை. போனை எங்கே மறைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையால் மூடினேன்.

"கைய எடு," என்றாள் அக்கா. "அழுவுறாளா?"

"ம். இப்பத்தான் எந்திரிச்சா. நான் அப்பறமாக் கூப்பிடறேன்க்கா."

"தூக்கு அவள. போனை வெக்காத. பக்கத்துலயே இருக்கட்டும்."

மகளைத் தூக்கி மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். போன் மேசையில் கிடந்தது. அந்தப் பக்கம் கோழிகள், இந்தப் பக்கம் இவள் பால் குடிக்கும் சத்தம். வெகு நேரம் கழித்து அக்கா, "உன்ற மாமா வந்துட்டாங்க," என்று சொல்லி வைத்தாள்.

நடந்ததை மேலாளரிடம் சொன்னேன். எச்சரிக்கையை எல்லாப் பண்ணைகளுக்கும் செட் வாரியாகவே மாற்றிவிடலாம் என்றார். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் நிரந்தரமாகச் சேமிக்க எனக்கு அனுமதி கிடைத்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் வண்டி எங்கள் வாசலில் நின்றது. அக்கா இளைத்திருந்தாள். ஒரு பை நிறைய முட்டையும் ஒரு சீப்பு பூவன் பழமும் கொண்டுவந்திருந்தாள். மாடியறைக்கு நேராக வந்து, "அந்தக் கோட்டக் காட்டு," என்றாள்.

காட்டினேன். ஃபில்டர் போட்டதும் மற்றதெல்லாம் மறைந்து அவள் பண்ணை மட்டும் நின்றதைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"நீயி அன்னைக்கு மட்டுமா பாத்த?"

"தினமும் பாப்பேன்."

"இதுல என்ன தெரியும்?"

"நீ எந்திரிச்சது தெரியும். குழாய் அலசறது தெரியும். அவ்வளவுதான்."

கோபிப்பாளோ என்று பயந்தேன். அவள் அந்தக் காலை நேரத்து ஏற்றங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். "முந்தியே சொல்லிருந்தா நேரமே எந்திரிச்சிருப்பேன்ல," என்று சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது கண் நிறைந்திருந்தது.

மகள் கீழே பாயில் புரண்டுகொண்டிருந்தாள். அக்கா குனிந்து, ரொம்ப மெதுவாக, உடைந்துவிடும் பொருளைத் தூக்குவதுபோல் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். புது ஆள் என்று மகள் அழவில்லை. பெரியம்மாவின் காதுத் தோட்டைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள்.

"அவனுக்கும் இப்படித்தான், தலை நெறைய முடி," என்றாள் அக்கா. "யாரும் எங்கிட்டக் கேக்கவே இல்ல, எப்படி இருந்தான்னு."

"எப்படி இருந்தான்க்கா?"

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். மூக்கு மாமாவுடையது, விரல்கள் எங்கள் அப்பாவுடையது என்றாள். கிளம்பலாமா என்று கேட்க மாமா படியேறி வந்தார். அவள் பேசுவதைக் கண்டு வாசற்படியிலேயே நின்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.