ஒரே வழி

என் அண்ணன் தேவராவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் கொத்தனாராக இருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்துகொண்டிருந்தபோது, பின்பக்கமாக வந்த கான்கிரீட் லாரி அடித்து இறந்துபோனான். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "போன்ல பேசிக்கிட்டே நடந்திருக்காரு. லாரி சத்தம் காதுல விழல."

அண்ணி சுவரில் சாய்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் அண்ணன் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. நான் எடுத்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

எனக்கு மட்டாஞ்சேரியில் ஒரு சிறிய வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. கட்டட வேலை தொடங்கும் முன்பே அந்த சைட்டைக் கணினியில் உருவாக்குவோம். கிரேன் எங்கே நிற்கும், கம்பியை எங்கே அடுக்குவது, லாரி எப்படி வரும், ஆட்கள் எப்படி நடப்பார்கள், எல்லாமே அதில் இருக்கும். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் அந்த சைட்டுக்குள்ளேயே நடக்கலாம். ஆபத்தான இடம் தட்டுப்பட்டால் அப்போதே மாற்றிவிடலாம். அண்ணன் வேலை பார்த்த இடத்துக்கு யாரும் இப்படிச் செய்து பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில், பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை ஹோட்டலாக மாற்றும் வேலை எங்களுக்கு வந்திருந்தது. நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஒருநாள் அண்ணி அலுவலகத்துக்கு வந்தாள். ஹெட்செட்டோடு காற்றில் கையை நீட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "என்னடீ இது கூத்து?" என்றாள். விளக்கிச் சொன்னேன். சாப்பாட்டுப் பையை மேசைமேல் வைத்தாள்.

"அவரு செத்த எடத்த இதுல காட்டுவியா?"

"வேண்டாம் அண்ணி."

"என்னைய உள்ளயே விடலடீ. கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டாங்க. நான் பாக்கணும்."

அண்ணனோடு வேலை செய்த பாலக்காட்டு மேஸ்திரியை வரவழைத்தேன். விபத்தை நேரில் பார்த்தவர். பக்கத்தில் உட்கார்ந்து கம்பி இங்கே, தகர வேலி இங்கே என்று அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். அண்ணன் விழுந்த இடம் வந்தபோது, "அவிடதான்" என்று மட்டும் சொன்னார். வாங்கி வைத்த சாயாவைக் குடிக்காமலே எழுந்து போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில் யாரும் இல்லாதபோது அண்ணிக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மெல்ல நடந்தாள். சுவரில் மோதிக்கொள்ளாமல் இருக்க அவள் தோளைப் பிடித்தபடி கூடவே போனேன்.

"சாப்பாட்டுக்குப் போற வழி எது?"

"இதுதான் அண்ணி."

"லாரி வர்ற வழி?"

"அதுவும் இதுதான்."

நின்றுவிட்டாள். ஒரு கையை நீட்டினாள். அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குக் கம்பி அடுக்கு. மறுகையை நீட்டினாள். அந்தப் பக்கம் தகர வேலி.

"திரும்பிப் பாத்திருந்தாலும் எங்கடீ ஒதுங்கியிருப்பாரு? எடமே இல்லையே."

ஹெட்செட்டைக் கழற்றினேன். தரையில் அப்படியே உட்கார்ந்துகொண்டாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அந்தப் போனு நான் பண்ணதுடீ. சாயங்காலத்துக்கு மத்தி மீனு வாங்கவான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

இத்தனை நாள் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்க மேல தப்பில்ல அண்ணி. வழிய அப்படி வச்சிருக்காங்க."

"தெரியுது. இப்பத்தான் தெரியுது. ஆனா நான் கூப்பிடாம இருந்திருந்தா, சத்தமாவது கேட்டிருக்கும்ல?"

என் மடியில் முகம் புதைத்து அழுதாள். அண்ணன் இறந்த அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை.

ஹோட்டல் சைட்டில் ஆட்கள் நடப்பதற்கென்று தனி வழியும் தனி வாசலும் வரைந்து கொடுத்தேன். ஹோட்டல் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "உள்ள எடத்துல பாதி இதுக்கே போச்சுன்னா சாமான எங்க எறக்குறது மோளே?" என்றார். வாதாடவில்லை. தனி வழி இல்லாத அவருடைய பழைய திட்டத்தையே ஹெட்செட்டில் போட்டு, உள்ளே நிற்கச் சொல்லி, லாரியைப் பின்னால் வரவிட்டேன். பதறி ஒதுங்கப் பார்த்து நாற்காலியில் இடித்துக்கொண்டார். கழற்றி என் கையில் கொடுத்தார். "நீ வரைஞ்ச மாதிரியே இருக்கட்டும்" என்றார். அண்ணனைப் பற்றி அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அவர் சரி என்றதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம், பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வேலை தொடங்கிய பிறகு, ஹோட்டல் சைட்டைப் பார்க்க வேண்டும் என்று அண்ணியே கேட்டாள். ஹெல்மெட் கொடுத்து உள்ளே கூட்டிப் போனேன். ஒரு பக்கம் கிடங்கின் பழைய சுவர். மறுபக்கம் மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புக் கைப்பிடி. அதற்கு அப்பால் லாரி. இரண்டு பேர் தோளோடு தோள் நடக்கும் அளவுக்குத்தான் வழி.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான் அண்ணி."

சாப்பாட்டு நேரம். தூக்குச் சட்டிகளோடு ஆட்கள் அந்த வழியாக வரத் தொடங்கினார்கள். அண்ணி சுவரை ஒட்டி நின்று, வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.