பாரிஸுக்குப் போய்வந்த மெழுகுவத்தி

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து இன்னும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை — அடுத்த வீட்டுத் தெரேசா வந்து நிற்கிறாள். கையில் ஒரு மெழுகுவத்தி.

"அண்ணா, உங்க ஆபீஸ் சின்ன தொரை சீமைக்குப் போறாராமே? இத்த அவராண்ட குடுத்து பாரிஸ் மாதா கோயில்ல ஏத்தச் சொல்லுங்க. பாப்பாவுக்கு முட்டி வீங்கிக்கினே போவுது."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனியா?"

"அது இன்னாத்துக்கு? கத்தி வெப்பாங்க. உங்க லில்லி நடக்கலியா? மெழுகுவத்தி ஏத்தின வாரமே நடந்துச்சின்னு அக்கா சொல்லிச்சே!"

அக்கா என்றால் என் மனைவி ஞானம். அடுப்படியிலிருந்து பெருமையாக எட்டிப் பார்த்தாள். எனக்கோ அலுத்துப்போய்விட்டது. ஒரு வருஷமாக இதே கதை...

பாரிஸ் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம், காலில் பாறை விழுந்த எங்கள் எஞ்சினீயர் துரையைச் சீமைக்கு அனுப்பியபோது, மருந்து கொடுக்கவும் கைத்தாங்கலாகப் பிடிக்கவும் என்னைக் கூட அனுப்பினார்கள். பம்பாயில் கப்பல், மார்செய் துறைமுகத்தில் இறங்கி ரயில், பாரிஸில் ஒரு பகல். அந்தப் பகல் எனக்கு லீவு என்றார் துரை.

அந்த ஒரு பகலுக்கு நான் போட்ட திட்டம் இருக்கிறதே! எங்கள் கோயில் பிரெஞ்சுக்காரச் சாமியாரைக் கெஞ்சி ஒரு மேப் வரைந்து வாங்கினேன். ஸ்டேஷனிலிருந்து ஆற்றோரமாக அரை மணி நடந்தால் மாதா கோயில். பிறகு பாலங்கள், இரும்புக் கோபுரம், கடைத்தெரு...

ஞானத்துக்கு வேண்டியது கோயில் மட்டும்தான். லில்லிக்கு மூன்று வயசாகியும் கால் ஊன்றவில்லை. மெழுகுவத்தியைப் பழைய சேலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். "வேற எதையும் பாக்காட்டி பரவால்ல. இத்த மட்டும் மறந்துடாதீங்க" என்றாள்.

பாரிஸ் ஸ்டேஷனில் சாமான் வைக்கும் அறையில் என் பெட்டியை ஒப்படைத்தேன். மெழுகுவத்தி அதற்குள்தான். பித்தளை டோக்கன் ஒன்று கொடுத்தார்கள். துரையை ஓட்டலில் விட்டுவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

இங்கேதான் என் உத்தியோகம் காலை வாரியது. பதினான்கு வருஷமாக நான் சுரங்கக் குழி ஷாஃப்ட் வாசலில் டைம்கீப்பர்; யார் எந்த ஷிஃப்ட் பார்த்தார்கள் என்று அவரவர் பேரில் எழுதிப் போடுகிறவன். சுரங்கத்தில் இறங்குகிறவன் டோக்கனோடு இறங்குவான். மேலே வந்ததும் வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். போடாவிட்டால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். மறந்துபோனவர்களை நான் திட்டாத திட்டு கிடையாது.

பாரிஸ் ஸ்டேஷன் வாசலிலும் ஒரு இரும்புப் பெட்டி. அதே மாதிரி வாய். துரையைத் தாங்கியபடி வெளியே வருகிறேன்... கை தானாகப் போனது. டங்!

அது தபால் பெட்டி.

துரையை ஓட்டலில் விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். தபால்காரர் எப்போது வருவார் என்று யாரைக் கேட்பது? எந்தப் பாஷையில் கேட்பது? ஒருவழியாக வந்தவர் என்னைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டு மூட்டையோடு நடந்தார். தபாலாபீஸ்வரை பின்னாலேயே போனேன். இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் அகப்பட்டு, மேசை மேசையாக நின்று, டோக்கனை வாங்கி, பெட்டியை மீட்டு, கோயிலுக்கு ஓடினால் — கதவு சாத்தியிருந்தது. மறுநாள் காலை முதல் ரயிலில் லண்டனுக்குக் கிளம்பிவிட்டோம். ஊர் திரும்பியது லண்டனிலிருந்து நேர்க் கப்பலில்.

ஆக, பாரிஸில் நான் சுற்றிப் பார்த்தது ஒரு தபாலாபீஸ்.

உண்மையைச் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். வாசலில் லில்லி நடந்து வருகிறாள்! "நீங்க பாரிஸ்ல இருந்த வாரமே எழுந்து நின்னுச்சிங்க. ஏத்தினீங்க இல்ல?" என்று ஞானம் அழுதாள். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கவே இல்லை. தலையை ஆட்டியது போதாதா?

இப்போது தெரேசா ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறாள். குழந்தையின் முட்டி வீங்கிக்கொண்டே போகிறது. எனக்குப் பயமாகிவிட்டது. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து சேலைத் துண்டை எடுத்து, இரண்டு பேர் முன்னாலும் பிரித்து வைத்தேன். திரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஏத்தவே இல்ல தெரேசா. கோயில் உள்ளயே நான் போவல."

ஞானம் அந்தத் திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப கொழந்த எப்டிங்க நடந்துச்சி?"

"நீதான் நடக்க வெச்ச. தெனம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயி, அவங்க சொல்லிக்குடுத்த மாதிரி எண்ணெ போட்டு உருவிவிட்டது யாரு? கம்பவுண்டர் எங்கிட்ட எல்லாம் சொன்னாரு."



திங்கட்கிழமை காலை தெரேசாவின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விறுவிறுவென்று நடந்தவள் ஞானம்தான். தெரேசா அழுதுகொண்டே பின்னால் போனாள். முட்டியைக் கீறிச் சீழை எடுத்தார்களாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கால் போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

ஞானம் என்னோடு இன்றுவரை பேசவில்லை. வேளைக்குச் சோறு மட்டும் வருகிறது. ஒரு வருஷம் அவளை மாதாவுக்கு நன்றி சொல்ல விட்டேனே, அவளுக்கு ஒரு வார்த்தை நான் சொன்னேனா?

ஒருத்தி பார்த்த ஷிஃப்டை ஒரு மெழுகுவத்தியின் பேரில் போட்ட டைம்கீப்பருக்குச் சோறு கிடைப்பதே பெரிசு!