போரம் என்ற பெயரைக் கொண்டுவந்தவன்

டில்லியில் தமிழ்க் கூலிக்காரர்கள் குடிசை போட்ட மதராசி கேம்ப்பில் முதல் செங்கல் சுவர் என்னுடையது. அதுவரை தகரமும் சாக்குமாகக் கிடந்த இடம் அது. அடிகுழாய் போட்டவன் நான். மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் வீடுகளுக்குள் வராமல் மேடு எழுப்பியவனும் நான். அம்மன் கோவில் மேடைகூட என் கைவேலைதான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், கொத்தனார் கரணையோடு டில்லிக்கு வந்து, ஆள் வைத்து வேலை வாங்கும் கான்ட்ராக்டர் ஆனேன். இதையெல்லாம் யாரும் மறுப்பதில்லை. என் மகளின் பெயரைத்தான் எனக்குத் தர மறுக்கிறார்கள்.

எழுபதுகளின் கடைசியில் சாணக்யபுரியில் ஒரு கொரியாக்காரர் வீட்டில் வேலை. முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடிகளைக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைக்க, தோட்டத்தில் ஒரு குழி வேண்டும் என்றார் அந்த வீட்டு அம்மா. செங்கல் வைத்து, ஈரம் ஏறாமல் பூசிக் கொடுத்தேன். அவர்களுடைய சின்ன மகள் அங்கேயேதான் விளையாடும். "போரம், போரம்" என்று கூப்பிடுவார்கள். அர்த்தம் கேட்டேன். அந்த அம்மா என் கரணையைக் காட்டினார், பிறகு முடிந்த குழியைக் காட்டினார்.

"மெஹ்னத் கியா, அச்சா ஹுவா. யே போரம்."

பட்ட பாடு வீண்போகவில்லை என்று கண்ணால் பார்க்கும்போது வருகிற நிறைவு. அதுதான் பெயர். அவர்கள் ஊரில் சீன எழுத்துப் பார்த்துத்தான் பெரும்பாலும் பெயர் வைப்பார்களாம். இது அவர்களுடைய சொந்த பாஷைச் சொல், இப்படி வைக்க இப்போதுதான் ஆசை வந்திருக்கிறதாம். வீட்டுக்காரர் இங்கிலீஷில் சொன்னதை டிரைவர் எனக்கு ஹிந்தியில் சொன்னார். என் வாழ்க்கைக்கே வைத்த பெயர் போல இருந்தது.

அடுத்த வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன்தான் குழந்தையை மடியில் வைத்துக் காதில் பெயர் சொல்ல வேண்டும். என் மைத்துனர் சர்க்கார் ஆபீசில் கிளார்க். பெயரையும் அர்த்தத்தையும் முதல் நாளே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். காதில் சொல்லி முடித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கூட்டத்துக்கு அர்த்தமும் விளக்கினார். எல்லாம் என் வார்த்தைகள்.

"படிச்ச மனுஷன்னா சும்மாவா? எங்கே புடிச்சாரு பாரு இந்தப் பேரை," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவர் சிரித்தார். மறுக்கவில்லை.

"நான் கொண்டாந்த பேரு மச்சான்," என்றேன்.

"யாரு கொண்டாந்தா என்ன மாப்ளே? புள்ளைக்கு நல்ல பேரு கெடைச்சுது, அது போதாதா?"

போதாது. அவருக்கு ஏற்கெனவே குவார்ட்டர்ஸ் இருந்தது. மடிப்புக் கலையாத சட்டை இருந்தது. என் ஆட்களே அவரை 'சார்' என்றும் என்னை 'மேஸ்திரி' என்றும் கூப்பிட்டார்கள். இதுவும் அவருக்கா?

மகள் வளர்ந்து மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே டீச்சர் அவள் பெயரைப் பற்றிக் கேட்டபோது, "எங்க மாமா வச்சது" என்றாளாம் மகள். வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னாள். மைத்துனர் அன்று சாயங்காலமே ஜிலேபி வாங்கி வந்தார். நான் தொடவில்லை.

காதில் சொன்னது மாமன் உரிமை; அதில் எனக்குச் சண்டை இல்லை. பெயர் நான் கொண்டுவந்தது. இனி யார் கேட்டாலும் 'அப்பா வைத்த பெயர்' என்றே என் மகள் சொல்ல வேண்டும். பக்கத்தில் மைத்துனர் நின்றால், அவர் வாயாலேயே ஆமாம் என்று சொல்ல வேண்டும்.