தாமதமாகத் தூக்கிய கைக்குட்டை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடிகாரக் கடை வைத்திருந்த சைபுதீனுக்கு இரண்டு பெருமை உண்டு. அவர் கை பட்ட கடிகாரம் ஒரு நிமிஷம் முன்னே பின்னே போகாது என்பது ஒன்று. செஞ்சி கால்பந்து டீமை எவன் குறை சொன்னாலும், அவன் டீ ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் பேசியே வாயடைத்துவிடுவார் என்பது இன்னொன்று. இத்தனைக்கும் வாழ்நாளில் அவர் பந்தைக் காலால் தொட்டதில்லை. தொடாதவர்களுக்குத்தான் பேச்சு ஜாஸ்தி என்று அவர் மனைவி ஜாஹிதா பேகம் முகத்துக்கு நேரே சொல்லுவாள்.

அவரோடு சரிக்குச் சரி நின்று பேச ஒரே ஆள்தான் இருந்தார், அனந்தபுரத்து முருகையன். செஞ்சி மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடுகிற வேலை. தினமும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே சைபுதீன் கடைக்கு வருவார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கை வாட்சைத் திருத்திக்கொள்வார். பிறகுதான் செஞ்சி டீமைத் திட்ட ஆரம்பிப்பார். பதினோரு வருஷமாக இதே வரிசை. ஒரு நாள் அவர் வராவிட்டால் சைபுதீனுக்கு அன்றைக்கு வேலையே ஓடாது.

சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஆடுகிற ஆகஸ்ட் பந்தயத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. விசில் பி.டி. வாத்தியார் செல்லப்பனிடம், நேரம் சைபுதீனிடம். முன்னே ஒரு வருஷம் வாத்தியாரின் வாட்ச் பாதி ஆட்டத்தில் நின்றுபோக, அது தெரியாமல் அவர் பாட்டுக்கு ஆட விட, கடைசியில் கைகலப்பாகி நாலு பேர் மண்டை உடைந்தது. அதற்கப்புறம் எல்லா ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேசினார்கள். பாய் செஞ்சிக்காரர்தான், ஆனால் பாயின் கடிகாரம் எந்த ஊருக்கும் சொந்தமில்லை என்று முடிவானது. கோட்டோரம் நாற்காலி போட்டு அவர் உட்காருவார். நேரம் முடிந்ததும் பச்சைக் கைக்குட்டையைத் தூக்குவார். அதைப் பார்த்து வாத்தியார் விசில் ஊதுவார். இந்த யோசனையை முதலில் சொன்னதே முருகையன்தான்.

எண்பத்தாறாம் வருஷம் செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் அரையிறுதி. ஆளுக்கொரு கோல் போட்டு இழுத்துக்கொண்டு நின்றது. அப்படியே முடிந்தால் மறுநாள் திரும்ப ஆட வேண்டும். மலை நிழல் பாதி மைதானத்துக்கு வந்துவிட்டது. சைபுதீன் மடியில் வைத்திருந்த கடிகாரத்தில் விநாடி முள் பன்னிரண்டைத் தொட்டது. நேரம் முடிந்தது. அவர் கை ஜிப்பா ஜேபிக்குள் போய்க் கைக்குட்டையைப் பிடித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து இடது பக்கத்திலிருந்து பந்து தனகோட்டிக்கு வந்தது. செஞ்சி டீமின் முன்கள ஆட்டக்காரன். மற்றவர்களெல்லாம் வெறுங்காலில் ஆட, இவன் ஒருத்தன் மட்டும் அடியில் ஆணி வைத்த பூட்ஸ் போட்டு ஆடுவான். எதிரே கோலியைத் தவிர ஒருவருமில்லை. சைபுதீனின் கை ஜேபிக்குள்ளேயே நின்றுவிட்டது. பாழாய்ப்போன ஆசை, வேறென்ன.

அனந்தபுரம் கோலி துரைக்கண்ணு, முருகையனின் அக்கா மகன். தையல் வேலை. அவன் பாய்ந்து விழுந்து பந்தை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டான். பந்து அவன் கைக்குள் அடங்கிவிட்டது, ஆட்டம் அதோடு சரி. ஆனால் தனகோட்டி நிற்கவில்லை. காலைத் தூக்கி அந்தக் கை மேலேயே மிதித்தான். தெரியாமல் பட்ட மிதி இல்லை, பார்த்து மிதித்த மிதி. பந்து நழுவியது. அதை உள்ளே தள்ளிவிட்டு, கீழே கிடந்து துடிக்கிறவன் பக்கத்தில் காறித் துப்பிவிட்டு ஓடினான். ஆட்கள் மறைத்ததில் வாத்தியாருக்கு மிதித்தது தெரியவில்லை. கோல் என்று ஊதிவிட்டார். அதற்கப்புறம்தான் சைபுதீன் கைக்குட்டையைத் தூக்கினார். நாற்பது விநாடி தாமதம்.

அனந்தபுரத்து ஆட்கள் உள்ளே ஓடி வந்தார்கள். நேரம் எப்போதோ முடிந்துவிட்டது என்று இரண்டு பேர் கத்தினார்கள். அவர்களை அடக்கியது முருகையன்.

“பாய் கடிகாரம் பொய் சொல்லாது. டைமப் பத்தி ஒருத்தனும் பேசக் கூடாது. மிதிச்சான் பாரு, அதப் பேசுங்க.”

சைபுதீன் கடிகாரத்தை மூடி ஜேபியில் போட்டுக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் அவர் குரல்தான் உரக்கக் கேட்டது. ஆடுகிற இடத்தில் அடி படத்தான் செய்யும், கையை ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தான் என்று வாதாடினார். பேசப் பேசத் தன் குரலே தனக்கு நாராசமாய்க் கேட்டது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்த முருகையன் வழக்கம்போல வாட்சைத் திருத்திக்கொண்டார், ஆனால் திட்டவில்லை. துரைக்கண்ணுவுக்கு வலது கையில் இரண்டு விரல் முறிந்து கட்டு போட்டிருக்கிறது என்றார். இரண்டு மாசம் கத்திரிக்கோல் பிடிக்க முடியாதாம். பிறகும் மடங்குமோ மடங்காதோ தெரியாதாம். சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் தனகோட்டி வந்தான். கண்ணாடி மேஜை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பல்லிடுக்கில் தீக்குச்சியை விட்டுக் குத்திக்கொண்டே இளித்தான்.

“டைம் முடிஞ்சி போச்சின்னு எனக்குத் தெரியும் பாய். உன் கை ஜேபுக்குள்ள போனத நான் பாத்துட்டேன். தூக்காம உக்காந்துருந்த பாரு, அங்கதான் நீ நிக்கிற. அது நீயும் நானும் சேந்து போட்ட கோலு.”

அவன் விரலை ஏண்டா உடைச்சே என்று கேட்டார் சைபுதீன். இரண்டு விரல்தானே என்றான் அவன். உலகக் கோப்பையிலேயே இந்த வருஷம் கையால் கோல் போட்டவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், நான் காலால்தானே போட்டேன் என்று சிரித்தான். போகும்போது தீக்குச்சியை மேஜை மேலேயே போட்டுவிட்டு, உரிமையாக அவர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

சைபுதீன் தீக்குச்சியைக் காகிதத்தில் பிடித்து எறிந்தார். மேஜையைத் துடைத்தார். சட்டையைக் கழற்றி உதறினார். அவன் பேச்சில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, அதுதான் அசிங்கம். இந்த ஜென்மத்தோடு கூட்டுச் சேர்ந்தா இத்தனை வருஷப் பேரைக் கெடுத்துக்கொண்டோம் என்று நினைக்கையில் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் டீக்கடையில் சரியான கூட்டம். ஞாயிற்றுக்கிழமை வல்லம் டீமோடு இறுதி ஆட்டம். தனகோட்டி இருக்கிற வரைக்கும் கோப்பை நமக்குத்தான் என்றார்கள் செஞ்சிக்காரர்கள். முருகையன் விடவில்லை. அந்த ஆளை நம்பிப் போனால் மூன்று கோல் வாங்கிக்கொண்டு வருவீர்கள், வல்லத்துக்காரன் கையை மிதிக்க விடமாட்டான், மிதிக்கிற காலை உடைத்து அனுப்புவான் என்றார். யாரோ ஒருத்தன், உங்க கோலி கட்டு போட்டுக்கொண்டு நாடகம் ஆடுகிறான் என்று சொல்ல, முருகையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு சைபுதீன் பக்கம் திரும்பினார்.

“பாய், நீ கோட்டோரத்துல உக்காந்துருந்த. மிதிச்சத நீ பாத்தியா இல்லியா? நீ இல்லன்னு சொல்லு, நான் வாய மூடிக்கிறேன்.”

“பாத்தேன்” என்றார் சைபுதீன். அத்தோடு நிறுத்தியிருந்தால் நல்லவர் என்று பேர் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். “அது மட்டும் இல்ல முருகையா. டைம் முடிஞ்சி போச்சி. பந்து தனகோட்டி கிட்ட வர்றதுக்கு முன்னாலயே முடிஞ்சி போச்சி. நாப்பது செகண்டு நான் கைக்குட்டைய தூக்காம வச்சிருந்தேன்.”

செஞ்சிக்காரர்கள் அவர் மேல் விழுந்தார்கள். ஊரைக் காட்டிக் கொடுக்கிறாயா, உன்னை எவன் கேட்டான், சோறு திங்கிறது செஞ்சியில் விசுவாசம் அனந்தபுரத்துக்கா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. முருகையன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் திட்டட்டும், சட்டையைப் பிடித்து ரெண்டு அறை விட்டாலும் சரி, பரவாயில்லை என்றிருந்தது.

முருகையன் திட்டவில்லை. கொஞ்ச நேரம் தன் கை வாட்சைப் பார்த்தார்.

“எங்க ஆளுங்க டைம் டைம்னு கத்துனானுங்க. நான்தான் வாய மூடச் சொன்னேன்.”

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

மறுநாள் சைபுதீன் பி.டி. வாத்தியாரிடமும் போய்ச் சொன்னார். ஊதின விசிலைத் திருப்பி விழுங்க முடியுமா என்று கேட்டுவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரம் பார்க்க வேறு ஆளைப் போட்டார்கள். சைபுதீன் மைதானத்துப் பக்கமே போகவில்லை. செஞ்சிதான் ஜெயித்தது. இரண்டு கோலும் தனகோட்டி போட்டது. அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, மேளத்தோடு கடை வழியாகவே ஊர்வலம் விட்டார்கள். கடை எதிரே வந்ததும் அவன் மேலே இருந்தபடியே சைபுதீனைப் பார்த்துக் கண்ணடித்தான். ஊர் முழுக்க அவனுக்குக் கை தட்டியது. த்தூ என்று துப்பிவிட்டு சைபுதீன் ஷட்டரைப் பாதி இறக்கினார். யாரைப் பார்த்துத் துப்பினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

திங்கட்கிழமை காலை அனந்தபுரத்து பஸ் வந்தது. முருகையன் இறங்கினார். சைபுதீன் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்குக் காலையிலேயே சாவி கொடுத்ததை மறந்து இன்னொரு தரம் கொடுத்தார். முருகையன் கடைக்கு முன்னால் வந்தார். நின்றார். ஆனால் இந்தப் பக்கம் திரும்பாமல், பக்கத்தில் தரையில் கொய்யாப்பழம் பரப்பி விற்றுக்கொண்டிருந்த மெஹபூப் பீயிடம் போனார். மணி இன்னா ஆவுது என்று கேட்டார்.

வாட்சே கட்டாத கிழவியிடம் கேட்டால் அவள் என்ன செய்வாள்? சிரித்துக்கொண்டே சைபுதீன் கடையைக் கை காட்டினாள்.

“இன்னா முருகையா, பாய் கடையில இம்மாம் பெரிய கடிகாரம் ஓடிக்கினு இருக்குது. அதப் பாரேன்.”

“அது வேணாம் பீம்மா” என்றார் முருகையன். “நீ சுமாரா சொல்லு, போதும்.”